பதினான்கு பைட்டுகள்: ஒரே நிறுவனச் சாதனங்களிலிருந்து திறந்த தரநிலைகளுக்கு நகர்ந்த ஒரு வலையமைப்பு

எங்கள் வலையமைப்பைத் திறந்த தரநிலைகளுக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கூடுதலாக ஒரு கட்டடம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும் வேறொரு நிறுவனத்தின் சுவிட்சுகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. கழற்றி எறிய மனம் வரவில்லை. அப்படியே எங்கள் பக்கம் இணைக்கவும் முடியவில்லை, ஏனென்றால் எங்கள் சாதனங்கள் தங்களுக்குள் மட்டும் புரியும் மொழியில் பேசிக்கொண்டிருந்தன.

எங்களிடம் இருந்தவை மூன்று கட்டடங்கள், நடுவில் இரண்டு மைய சுவிட்சுகள். ஒவ்வொரு மாடிச் சுவிட்சிலிருந்தும் இரு மையங்களுக்கும் தலா ஓர் ஒளியிழை போனது. கிளை அலுவலகங்களுக்குப் போகும் இணைப்புகள் இரண்டு விளிம்பு ரூட்டர்களில் முடிந்தன. எல்லாம் ஒரே நிறுவனம் செய்தவை. வழித்தடங்களுக்கு இஐஜிஆர்பி, நுழைவாயில் மாற்றுக்கு எச்எஸ்ஆர்பி, கம்பிகளைக் கட்டாகச் சேர்க்கப் பிஏஜிபி, அண்டைச் சாதனத்தை அடையாளம் காணச் சிடிபி, தரவு வட்டமாகச் சுழல்வதைத் தடுக்க ஒவ்வொரு விலானுக்கும், அதாவது ஒரே கம்பிகளில் தனித்தனியாகப் பிரித்த ஒவ்வொரு மெய்நிகர் வலைக்கும், தனி மரம். இந்த ஐந்துமே சிஸ்கோவில் பிறந்தவை. நடந்த தவறுகளில் பெரும்பாலானவை எங்கள் கையால் நடந்தவை என்பதால், எங்கள் நிறுவனத்தின் பெயரோ புதிய கட்டடச் சாதனங்களைச் செய்தவரின் பெயரோ இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

முதலில், முன்னோருக்கு நியாயம்

இந்த வலையமைப்பை முதலில் கட்டியவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்பட்டது. அது நியாயமற்ற பேச்சு. தனியார் நெறிமுறைகளில், அதாவது ஒரு நிறுவனத்தின் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகளில், பல, தரநிலை வருவதற்கு முன்பே வந்துவிட்டவை. ஒரே கம்பியில் பல விலான்களை அனுப்ப வேண்டிய தேவை எழுந்தபோது, இன்று அதற்குப் பொதுவான 802.1கியூ கிடையாது. அது 1998இல்தான் தரநிலையானது. அதுவரை சிஸ்கோ சாதனங்களில் ஐஎஸ்எல் இருந்தது. ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது கம்பியில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டையும், 30 பைட் கூடுதல் உறைக்குள் இட்டு அனுப்பும் முரட்டு ஏற்பாடுதான், ஆனால் வேலை நடந்தது. 802.1கியூ அதே காரியத்தை 4 பைட்டில் முடித்தது. அண்டைச் சாதனத்தைக் கண்டறியும் சிடிபி 1994இல் வந்துவிட்டது, அதற்கு இணையான எல்எல்டிபி 802.1ஏபி என்ற பெயரில் 2005இல் வந்தது. ஈதர்நெட் கம்பி வழியே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் 2003இல் வந்தபோது, அதற்கு முன்பே தொலைபேசிகள் கம்பி வழியாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தன.

ஆக, கட்டியவர்கள் அன்று கிடைத்ததை வாங்கினார்கள். பிற்பாடு தரநிலை வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை மதித்தே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

எளிதாகப் போனவை

கம்பிக் கட்டுகளைப் பிஏஜிபியிலிருந்து அதன் திறந்த இணையான எல்ஏசிபிக்கு மாற்ற அரை நாள் ஆனது. சிடிபியுடன் எல்எல்டிபியையும் சேர்த்து இயக்குவது ஒரு வரிக் கட்டளை. இரண்டும் ஒரே கம்பியில் சண்டையின்றி ஓடும். இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தொலைபேசிகள் மட்டும் தொல்லை தந்தன. சில பழைய கருவிகள், தங்களுக்கான குரல் விலானின் எண்ணைச் சிடிபியில் மட்டுமே படிக்கும். எல்எல்டிபியின் மெட் நீட்சி அவற்றுக்குத் தெரியாது. இன்னும் பழைய சில கருவிகளோ 802.3ஏஎஃப் வருவதற்கு முந்தைய முறையில்தான் மின்சாரம் கேட்கும். தரநிலைப்படி நடக்கும் சுவிட்ச், மறுமுனையில் உரிய மின்தடையை உணராமல் மின்சாரத்தைத் திறக்காது, அது சரியான நடத்தையும்கூட. அந்தக் கருவிகளைப் பழைய சுவிட்சுகள் உள்ள மாடிக்கு நகர்த்திவிட்டு மேலே போனோம்.

நுழைவாயிலும் ஒரு பழைய வழக்கும்

மேசைக் கணினிக்கு நுழைவாயில் முகவரி ஒன்றுதான். அந்த முகவரியை இரண்டு சாதனங்கள் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது ஏற்க வேண்டும். எச்எஸ்ஆர்பி செய்வது இதைத்தான். அதன் விவரம் 1998 மார்ச்சில், இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 2281 என வெளியானது, தரநிலையாக அல்ல, தகவலுக்காக. அடுத்த மாதமே விஆர்ஆர்பி, ஆர்எஃப்சி 2338 என்ற எண்ணில், தரநிலைப் பாதையில் வந்தது. ஒரே வேலைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஆவணங்கள்.

அதன்பின் நடந்ததுதான் எங்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தொட்டது. 1995இல் கிடைத்த ஒரு காப்புரிமை விஆர்ஆர்பிக்கும் பொருந்தும் என்று சிஸ்கோ கூறிவந்தது. திறந்த தரநிலை என்று ஆவணம் சொன்னாலும், கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு அதைத் தொடத் தயக்கம். ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தின் குழுவினர் விஆர்ஆர்பியை ஒதுக்கிவிட்டு, கார்ப் என்ற தங்கள் சொந்த நெறிமுறையை எழுதி 2004இல் வெளியிட்டார்கள். அதற்குத் தனி நெறிமுறை எண் கேட்டபோது, முறையான தரநிலை நடைமுறை வழியாக வரவில்லை என்று மறுக்கப்பட்டது. அவர்கள் விஆர்ஆர்பியின் எண்ணான 112ஐயே எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் வலையில் நுழைவாயிலை அடையாளம் காட்டும் மெய்நிகர் மேக் முகவரியின் முன்பகுதியும் அதேதான்: 00-00-5இ-00-01. கடைசி இரண்டு இலக்கங்கள் குழு எண்.

புதிய கட்டடத்தின் தீச்சுவர் இணை, கட்டற்ற மென்பொருளில் ஓடியது. அதில் கார்ப் இருந்தது, குழு எண் 1. எங்கள் மைய சுவிட்சுகளில் அதே விலானுக்கு விஆர்ஆர்பி அமைத்தபோது நாங்கள் இட்ட குழு எண்ணும் 1. யாருக்குத்தான் 1 முதலில் தோன்றாது? இரண்டு வேறு நெறிமுறைகள், இரண்டு வேறு ஐபி முகவரிகள், ஆனால் ஒரே மேக் முகவரி. சுவிட்ச் அந்த மேக் முகவரி தன் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு வினாடியும் மனத்தை மாற்றிக்கொண்டிருந்தது. சோதனை அறையிலேயே இது மாட்டியது எங்கள் நல்லூழ். குழு எண்ணை மாற்றியதும் தீர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒரு காப்புரிமைத் தகராறு எங்கள் சோதனை மேசையில் வந்து உட்கார்ந்ததை நினைத்து அன்று மதியம் முழுக்கச் சிரித்தோம்.

உண்மையான மாற்றத்தின்போது இன்னொரு சிறு பாடம். எச்எஸ்ஆர்பியின் மேக் முகவரி 00-00-0சி-07-ஏசி என்று தொடங்கும். விஆர்ஆர்பிக்கு மாறியதும் நுழைவாயிலின் ஐபி முகவரி அப்படியே இருக்க, மேக் முகவரி மாறிவிடுகிறது. புதிய தலைமைச் சாதனம் அதை எல்லோருக்கும் அறிவிக்கும், கணினிகள் கேட்டுக்கொள்ளும். கதவுப் பூட்டுகளை இயக்கும் ஒரு பழைய பெட்டி கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரு கதவு திறக்கவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டதும் சரியானது.

வழித்தடங்கள்: தூங்கும் என்று நினைத்தது தூங்கவில்லை

இஐஜிஆர்பி இப்போது மூடிய நெறிமுறை அல்ல. 2013இல் சிஸ்கோ அதைத் திறப்பதாக அறிவித்தது, 2016 மே மாதம் ஆர்எஃப்சி 7868 வெளியானது. அதைக் காட்டி, “இதுவே திறந்த நெறிமுறைதானே, ஏன் மாற வேண்டும்?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த ஆவணம் தகவலுக்கானது. வெளியிடப்பட்டிருப்பது ஒன்று, மற்றவர்கள் அதைத் தங்கள் சாதனத்தில் எழுதியிருப்பது வேறொன்று. புதிய கட்டடச் சுவிட்சுகளின் கையேட்டில் இஐஜிஆர்பி இல்லை. அதே வேலைக்கான ஓஎஸ்பிஎஃப் இருந்தது. அதன் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2328, 1998 ஏப்ரலில் வந்தது. எந்த நிறுவனத்தின் சாதனத்திலும் அதை எதிர்பார்க்கலாம்.

திட்டம் இதுதான். எல்லா ரூட்டர்களிலும் இஐஜிஆர்பிக்கு அருகிலேயே ஓஎஸ்பிஎஃப்பையும் இயக்குவது. ஒரே இடத்துக்கு இரண்டு நெறிமுறைகளும் வழி சொன்னால், எதை நம்புவது என்று ரூட்டர் ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கும். எங்கள் சாதனங்களில் இஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சிறிய எண் வெல்லும். ஆகவே ஓஎஸ்பிஎஃப் பின்னணியில் தூங்கிக்கொண்டிருக்கும். நிதானமாகப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, ஓர் இரவில் இஐஜிஆர்பியின் எண்ணை 200க்கு உயர்த்தினால் எல்லாம் மறுபக்கம் சாய்ந்துவிடும். தூங்குவதை இயக்க இரவு நேரம் தேவையில்லை என்று, ஒரு வேலைநாள் மதியம் தொடங்கினோம்.

அரை மணி நேரத்தில் கிளை அலுவலகங்களிலிருந்து புகார் வந்தது. தொலைபேசியில் குரல் துண்டு துண்டாக உடைகிறது என்றார்கள். நாங்கள் எதையும் மாற்றவில்லையே என்று மனமார நம்பி, முதல் இருபது நிமிடங்களைத் தொலைபேசிச் சேவையகத்தைச் சந்தேகிப்பதில் செலவிட்டோம்.

90 என்பது இஐஜிஆர்பிக்குள்ளேயே பிறந்த வழித்தடங்களுக்கான எண். வெளியிலிருந்து அதற்குள் கொட்டப்பட்ட வழித்தடங்களுக்கு எண் 170. எங்கள் கிளை அலுவலக வழித்தடங்கள் எல்லாம் விளிம்பு ரூட்டர்களில் கையால் எழுதப்பட்டு இஐஜிஆர்பிக்குள் கொட்டப்பட்டவை. ஓஎஸ்பிஎஃப்புக்குள்ளும் அவற்றைக் கொட்டினோம். அங்கே அவற்றின் எண் 110. 110, 170ஐவிடச் சிறியது. தூங்க வேண்டியது, கிளைகளின் பொருட்டு மட்டும், விழித்துக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. இந்த 170ஐ எங்கள் குழுவில் அனைவரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தான்.

விழித்ததோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 10 ஜிகாபிட் இணைப்பு ஒன்றும், காப்புக்காக 1 ஜிகாபிட் பழைய இணைப்பு ஒன்றும் உண்டு. இஐஜிஆர்பி வேகத்தையும் தாமதத்தையும் பார்த்து, காப்பு இணைப்பைச் சும்மா விட்டிருந்தது. எங்கள் சாதனங்களில் ஓஎஸ்பிஎஃப், இணைப்பின் செலவை 100 மெகாபிட்டை அந்த இணைப்பின் வேகத்தால் வகுத்துக் கணக்கிடும். விடை 1க்குக் கீழே போனால் 1 என்றே எடுத்துக்கொள்ளும். 100 மெகாபிட் பெரிய வேகமாகத் தெரிந்த காலத்துக் கணக்கு அது. 10 ஜிகாபிட்டுக்கும் செலவு 1, 1 ஜிகாபிட்டுக்கும் செலவு 1. இரண்டும் சமம் என்று முடிவுகட்டி, போக்குவரத்தை இரண்டு இணைப்புகளிலும் சரிபாதியாகப் பிரித்துவிட்டது. காப்பு இணைப்பு நிரம்பி வழிந்தது, குரல் உடைந்தது.

100 மெகாபிட் என்ற அந்த ஒப்பீட்டு வேகத்தை எல்லா ரூட்டர்களிலும் ஒரே மாதிரி உயர்த்தியதும் அடங்கியது. இதில் தரநிலை எங்கே, தனியார் எங்கே என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. செலவை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை ஆர்எஃப்சி 2328 வலையமைப்பை நடத்துபவரிடமே விட்டுவிட்டது. 90, 110, 170 ஆகிய எண்களும் தரநிலையில் இல்லை. ஜூனிபர் என்ற இன்னொரு நிறுவனத்தின் சாதனங்களில் ஓஎஸ்பிஎஃப்பின் உள் வழித்தடங்களுக்கு 10, வெளி வழித்தடங்களுக்கு 150. அதே நெறிமுறை, வேறு வீட்டு வழக்கம். திறந்த தரநிலையின் உடலுக்குள் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பழக்கங்களை இட்டு வைத்திருக்கிறது. அவை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் ஒரு வரியாக வருவதில்லை.

அந்த இரவு

புதிய கட்டடத்தை இணைக்க ஒரு சனிக்கிழமை இரவு 11 மணி குறித்திருந்தோம். இந்த முறை பகலில் தொடும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

ஒளியிழைகளைச் செருகியதும் விளக்குகள் பச்சையாயின. எல்ஏசிபி கட்டுச் சேர்ந்தது. எல்எல்டிபியில் மறுபக்கத்தின் பெயர் தெரிந்தது. மறுமுனையைச் சோதிக்கும் பிங் அனுப்பினால் பதில் வந்தது. ஓஎஸ்பிஎஃப் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையில் நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்துக் கீழே விழும், மறுபடி எழும், மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றால் எம்டியுவைப் பார் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இரு தரப்பும் தங்கள் தகவல் கிடங்கின் விவரத்தைப் பரிமாறத் தொடங்கும் கட்டம் அது. ஒவ்வொரு தரப்பும் தன் எம்டியுவை, அதாவது தான் ஒரே துண்டாகக் கையாளக்கூடிய பொட்டலத்தின் அதிகபட்ச அளவை, அந்தச் செய்தியில் எழுதி அனுப்பும். தன்னால் ஏற்க முடியாத அளவுக்குப் பெரிய எண் வந்தால், பெறுபவர் அந்தச் செய்தியை நிராகரிக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2328 சொல்கிறது. எனவே முதலில் அதைத்தான் பார்க்கச் சொன்னேன்.

“சார், இரண்டு பக்கமும் 9000தான் இருக்கிறது” என்றார் என்னோடு இருந்த இளம் பொறியாளர்.

நானும் இரண்டு திரைகளையும் பார்த்தேன். 9000, 9000. சரியான விடையைக் கையில் எடுத்து, பார்த்துவிட்டு, குப்பையில் போட்டேன்.

அடுத்த இரண்டரை மணி நேரம் வீண். பகுதி எண்ணைப் பார்த்தோம். வணக்கச் செய்தியின் இடைவெளி இரு பக்கமும் 10 வினாடி, காத்திருக்கும் நேரம் 40 வினாடி. வலை மறைப்பைப் பார்த்தோம், கடவுச்சொல்லைப் பார்த்தோம். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எக்ஸ்ஸ்டார்ட் வரைக்கும் வந்திருக்கவே முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். நள்ளிரவு தாண்டிய பிறகு தெரிந்ததும் தெரியாததும் ஒன்றுபோலத் தோன்றும். இரு நிறுவனங்களின் உதவி மையங்களையும் அழைத்தோம். இருவரும் எங்கள் அமைப்பைப் பார்த்துவிட்டுத் தங்கள் பக்கம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது. ஆனால் இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

எம்டியு பொருந்தாவிட்டாலும் கவலைப்படாதே என்று ஓஎஸ்பிஎஃப்புக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. இளம் பொறியாளர் அதைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதை இட்டிருந்தால் அந்த இரவே உறவு உருவாகியிருக்கும், நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம். பின்னொரு நாள் வழித்தடங்கள் பெருகி, ஒரு முழு அளவுச் செய்தி போகும்போது, அது மறுபக்கம் சேராமல், திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாம் சரிந்திருக்கும். “அழித்துவிடுங்கள். உண்மையிலேயே எவ்வளவு பெரிய பொட்டலம் போகிறது என்று அளந்து பார்ப்போம்” என்றேன்.

துண்டாக்கத் தடை போட்டு, பிங் பொட்டலத்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனோம். 8986 வரை போனது. 8987 போகவில்லை.

9000லிருந்து 8986ஐக் கழித்தால் 14. பெறுபவரின் மேக் முகவரி 6 பைட், அனுப்புபவரின் மேக் முகவரி 6 பைட், வகை 2 பைட். ஈதர்நெட் தலைப்பு. எங்கள் மைய சுவிட்ச் 9000 என்று சொல்வது தலைப்பு நீங்கலாக, ஐபி பொட்டலம் மட்டும். புதிய சுவிட்ச் 9000 என்று சொல்வது தலைப்பையும் சேர்த்து. ஒரே எண்ணை எழுதி இரண்டு வேறு அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெறிமுறை தன் கடமையைச் சரியாகச் செய்தது. தன்னிடம் 8986தான் கொள்ளும் என்று அறிந்த புதிய சுவிட்ச், 9000 என்று எழுதி வந்த செய்தியைத் தரநிலைப்படி நிராகரித்தது. அதன் பக்கம் 9014 என்று எழுதியதும், ஒரு நிமிடத்துக்குள் உறவு முழுமை பெற்றது. அப்போது மணி 2ஐத் தாண்டியிருந்தது.

இதில் யாரும் தரநிலையை மீறவில்லை. கட்டளைத் திரையில் எண்ணை எப்படி எழுதிக் காட்ட வேண்டும் என்பதைப் பற்றி ஓஎஸ்பிஎஃப் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் சாதனங்களோடு வாழ்ந்த ஆண்டுகளில் எங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. ஒரே நிறுவனத்திடம் வாங்கும்போது உண்மையில் நாம் வாங்குவது இதைத்தான்: சொல்லப்படாதவையெல்லாம் முன்கூட்டியே ஒத்துப்போயிருக்கும் நிம்மதி. அது பொய்யான பொருள் அல்ல. அதன் மதிப்பு வெளியே வந்தபிறகுதான் தெரிகிறது.

பாதிக் கம்பிகள் சும்மா கிடந்தன

எல்லாம் முடிந்ததென்று நினைத்துச் சில வாரங்கள் ஆன பிறகு, போக்குவரத்து வரைபடங்களைப் பார்த்தபோது ஒரு விசித்திரம். வழித்தட இணைப்பு போக, புதிய கட்டடத்தின் சில மாடிச் சுவிட்சுகளை இரண்டாம் அடுக்கிலேயே, அதாவது வழித்தடம் பார்க்காமல் மேக் முகவரியைக் கொண்டே அனுப்பும் அடுக்கிலேயே, இரு மையங்களோடும் நேரடியாக இணைத்திருந்தோம். அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி உழைத்தது, மற்றது ஒரு பைட்டைக்கூடத் தொடவில்லை.

பழைய கட்டடங்களில், சுழற்சி தடுக்கும் மரம் விலானுக்கு ஒன்று. சில விலான்களுக்கு முதல் மையம் வேர், அதாவது மரம் கிளைக்கும் தொடக்கப் புள்ளி, மற்றவற்றுக்கு இரண்டாவது மையம். ஆகவே இரு கம்பிகளும் உழைக்கும். புதிய சுவிட்சுகள் தரநிலைப்படி நடப்பவை. விலான் வாரியாக மையங்கள் அனுப்பும் தனிச் செய்திகள் அவற்றுக்குப் புரியாத ஒரு பலமுகவரிக்கு, அதாவது பலருக்கும் ஒன்றாகப் போகும் முகவரிக்கு, போகின்றன. அவற்றைச் சாதாரணத் தரவு என்றே அவை கருதும். புரிகிற ஒரே மரம், விலான் 1க்காகப் பொதுத் தரநிலை முகவரிக்கு மையங்கள் அனுப்பும் செய்தியிலிருந்து பிறப்பது. அதில் வேர் முதல் மையம். எனவே இரண்டாவது மையத்துக்குப் போகும் கம்பியை எல்லா விலான்களுக்குமாகச் சேர்த்து அடைத்துவிட்டன. எதுவும் உடையவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இரண்டாவது மையத்தை நுழைவாயிலாகக் கொண்ட விலான்களின் போக்குவரத்து, முதல் மையம் ஏறி, குறுக்கே இரண்டாவதுக்குத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. புகார் வராத பிழைகளில் இது ஒரு வகை.

மையங்களையும் பல்மர நெறிமுறைக்கு, அதாவது 802.1எஸ் என்று 2002இல் வந்ததற்கு மாற்றுவது ஒரு தீர்வு. அதில் பகுதிப் பெயர், திருத்த எண், எந்த விலான் எந்த மரத்தில் என்ற பட்டியல் மூன்றும் எல்லாச் சுவிட்சுகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விலானை ஓரிடத்தில் சேர்த்து இன்னோரிடத்தில் மறந்தால் அந்தச் சுவிட்ச் தனிப் பகுதியாகிவிடும். எங்கள் ஒழுக்கத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நாங்கள் எடுத்த வழி வேறு. இரண்டு மையங்களும் வெளியே பார்ப்பவருக்கு ஒரே சுவிட்சாகத் தோன்றும்படி இணைத்தோம். மாடிச் சுவிட்சுக்கு அது சாதாரண எல்ஏசிபி கட்டு. மரம் அடைக்க ஒன்றுமில்லை, இரு கம்பிகளும் உழைக்கும். இதில் ஒரு முரண் உண்டு. அந்த இரண்டு மையங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வது முழுக்கத் தனியார் மொழி, இரண்டும் ஒரே நிறுவனத்தின் சாதனங்களாக இருந்தே தீர வேண்டும். இதையே திறந்த முறையில் செய்ய 2015இல் வந்த ஆர்எஃப்சி 7432 வழியான இவிபிஎன் இருக்கிறது, எங்கள் மையங்களில் அது இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, தனியார் மொழியிலிருந்து தப்பிக்கப் புறப்பட்டு அதிலேயே போய் விழுகிறீர்களே என்றார்கள். இல்லை என்பது என் கருத்து. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நான்கு கம்பிகளில் அடங்கிய தனியார் மொழி ஒரு பிரச்சினை அல்ல. அந்த இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடும். கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும் ஊடுருவியிருக்கும் மொழிதான் பிரச்சினை.

தரநிலை என்ற முத்திரை மட்டுமே எதையும் காப்பாற்றாது என்பதற்கும் இந்தத் துறையிலேயே சான்று இருக்கிறது. சுழற்சி தடுக்கும் மரத்துக்கு மாற்றாக இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், டிரில் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது, அடிப்படை ஆவணம் 2011இல் வந்தது. 802 வரிசைத் தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ தன் பங்குக்கு 802.1ஏகியூவை 2012இல் கொண்டுவந்தது. ஒரே வேலைக்கு இரண்டு திறந்த தரநிலைகள். சில நிறுவனங்கள் ஒன்றையும் சில நிறுவனங்கள் மற்றதையும் பிடித்துக்கொள்ள, இரண்டுமே பரவலாக நிலைக்கவில்லை.

கைப்பழக்கம்

நெறிமுறைகளை மாற்றியது மொத்த வேலையில் பாதிகூட இல்லை. இணைப்புகளின் போக்குவரத்தை எண்ணும் கண்காணிப்பு ஒரு வரியும் மாறாமல் தொடர்ந்தது, ஏனென்றால் அந்த எண்ணிக்கைகள் ஆர்எஃப்சி 2863இல் எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டவை. வெப்பநிலை, நினைவகம், மின்வழங்கி நிலை ஆகியவை ஒவ்வொரு நிறுவனத்தின் தனிப் பட்டியலில் இருந்தன, அவற்றையெல்லாம் மறுபடி எழுதினோம். எங்கள் தானியங்கி நிரல்கள் கட்டளையின் விடையைத் திரையில் மனிதர் படிப்பதுபோல வரி வரியாகப் படிப்பவை. புதிய சுவிட்சின் திரை வேறு மாதிரி. பல ஆண்டுகளாகச் சேர்ந்த நிரல்கள் ஒரே நாளில் குருடாயின. நெட்கான்ஃப், யாங் என்று இதற்கும் தரநிலைகள் உண்டு. ஆனால் யாங் ஒரு மொழி மட்டுமே, அதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சாதனத்தைத் தன் போக்கில் விவரிக்கிறது. நிறுவனங்களுக்குப் பொதுவான ஓபன்கான்ஃபிக் மாதிரிகளை எங்கள் இரு வகைச் சாதனங்களும் ஏற்ற பகுதி, நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறுகியது.

பூட்டு நெறிமுறையில் இருக்கிறது என்று நினைத்து ஐந்து நெறிமுறைகளின் பட்டியலோடு புறப்பட்டோம். நெறிமுறைகள் ஐந்தும் சில மாதங்களில் மாறிவிட்டன. விரல்கள் இன்னும் பழைய கட்டளைகளையே தட்டுகின்றன.

அடுத்த முறை மையங்களை வாங்கியபோது மீண்டும் ஒரே நிறுவனத்திடமே இரண்டையும் வாங்கினோம். இந்த முறை கேள்விப் பட்டியலில், இந்தத் தரநிலையை ஆதரிக்கிறதா என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் பெட்டியை எங்கள் சோதனை அறைக்குக் கொண்டுவந்து, எங்கள் இரு வகை மாடிச் சுவிட்சுகளோடும் ஓஎஸ்பிஎஃப்பும் எல்ஏசிபியும் 9000 பைட் பொட்டலத்தோடு ஓடுவதைக் காட்டுங்கள் என்று எழுதினோம். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாட்களில் தெரியவந்தவை கையேடுகளில் இல்லை.

கம்பியில்லா வலையமைப்பை மட்டும் தொடவில்லை. அணுகல் முனைகளும் கட்டுப்பாட்டகமும் பேசிக்கொள்ள கேப்வாப் என்று ஒரு தரநிலை 2009இலேயே, ஆர்எஃப்சி 5415 என, வந்துவிட்டது. எங்கள் அணுகல் முனைகளும் கேப்வாப்தான் பேசுகின்றன, புதிய கட்டடத்தில் கிடைத்த கட்டுப்பாட்டகத்தின் கையேட்டிலும் அதே பெயர் இருக்கிறது. ஒன்றை மற்றதோடு இணைத்துப் பார்த்தோம். அணுகல் முனை கட்டுப்பாட்டகத்தைக் கண்டுபிடித்தது, கைகுலுக்கத் தொடங்கியது, பிறகு அறிமுகமில்லாத வகை என்று துண்டித்துக்கொண்டது. இரண்டையும் தனித்தனியாக, அவரவர் கட்டடத்தில் ஓடவிட்டிருக்கிறோம்.